காலையில் மட்டும் வரும் சத்தம்

முற்றத்திலிருந்து காரைப் பின்னால் எடுத்து, கேட்டைத் தாண்டியதும் ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடிக்கும்போதுதான் அது வரும். சளி கட்டிய மாடு கத்தப் பார்த்து, முடியாமல் விடுவதைப் போல ஓர் உறுமல். சக்கரம் நேரானதும் நின்றுவிடும். சரிவில் இறங்கி, தங்கச் சுரங்கத்து ஒர்க்ஷாப் முனையில் திரும்பும்போது மறுபடி வரும். சுரங்க ஊரான வட்டுகோலாவிலிருந்து கீழே தவுவா டவுனுக்கு இறங்கும் சாலையில் பாதி தூரம் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் உண்டு. தவுவா வந்து, பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் வண்டியை நிறுத்த வளைக்கும்போது ஒன்றும் இருக்காது. வெண்ணெய் மாதிரி திரும்பும்.

ஸ்ரீநாத்துக்கு அது தாங்க முடியாத எரிச்சலாக இருந்தது. மனைவி ப்ரீதிகா போன பிறகு அவனுக்கு எதுவும் சரியாகக் காதில் விழுவதில்லை. வகுப்பில் பையன்கள் கேள்வி கேட்டால் இரண்டாம் முறை கேட்கச் சொல்வான். சாப்பாட்டில் உப்பில்லை என்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் தெரியும். இந்தச் சத்தம் மட்டும் முழுசாகக் கேட்டது.

பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நந்திதா இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். "டாடி, காடி ரோவே" என்பாள். கார் அழுகிறதாம். மூன்று வயதுக்காரிக்கு வாயில் வருவதெல்லாம் ஃபிஜி இந்திதான். அவன் தமிழில் சொல்வான். அவள் பாதி புரிந்துகொண்டு இந்தியில் பதில் சொல்வாள். அதில் அவனுக்குப் பாதி புரியும். முன்பு நடுவில் ப்ரீதிகா இருந்தாள். அவளுக்கு இரண்டும் வந்தது. மகள் சொன்னதை அவனிடமும், அவன் சொன்னதை மகளிடமும், கூடவே தன் கிண்டலையும் சேர்த்து, கை மாற்றிவிட்டுக்கொண்டே இருப்பாள். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து லௌடோக்கா ஆஸ்பத்திரியில் படுத்தவள் திரும்பி வரவில்லை.

இப்போது அப்பாவும் மகளும் தனியாக இருப்பது காரில் போகும் அந்தக் காலை நேரத்தில் மட்டும்தான். அவளைத் தவுவா பாலர் பள்ளியில் விட்டுவிட்டு அவன் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கு வேதியியல் நடத்தப் போவான். வீட்டில் அவள் தாத்தா பாட்டியின் பிள்ளை.

வீடு மாமனார் அருணாச்சலத்துடையது. சுரங்கக் கம்பெனி ஊழியருக்குக் கொடுத்த வீடு. தகரக் கூரை, முன்னால் பப்பாளி, பின்னால் மரவள்ளி. சுரங்கத்து ஸ்டோரில் போல்ட்டும் கயிறும் விளக்கும் எடுத்துக் கொடுத்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த வட ஆற்காட்டுக்காரர்களின் மூன்றாம் தலைமுறை. திருச்சியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஆசிரியன் மகளைக் கேட்டபோது, "இன்னா மாப்ளே, தமிழ் பேசறவன் வேணும்னு சாமிகிட்ட கேட்டேன், பிளேன்லயே அனுப்பிட்டாரு" என்று சிரித்தார். அந்த வீட்டில் யாரும் யாரையும் 'நீங்க' என்பதில்லை. அந்தச் சொல் கப்பலிலேயே தொலைந்துவிட்டதுபோல. முதலில் ஸ்ரீநாத்துக்குச் சுருக்கென்றிருந்தது. பிறகு பழகிப்போயிற்று.

அந்த மே மாதம் தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு சிலர் பார்லிமெண்டுக்குள் புகுந்தார்கள். இந்தியர்களின் கடைகள் எரிந்ததை ரேடியோவில் கேட்டார்கள். பிறகு ஊரடங்கு வந்தது, மின்வெட்டு வந்தது, தவுவா சாலையில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் வந்தது. அதற்கப்புறம் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு: எப்போது கிளம்புகிறாய், எங்கே. ஆக்லாந்திலிருந்த மைத்துனன் தேவேஷ் வாரா வாரம் போன் செய்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அங்கே தங்க அனுமதி வந்துவிட்டது. நந்திதாவும் அவர்களோடு வரட்டும், அத்தான் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு பின்னால் வரட்டும், தனி ஆள் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் என்ன செய்வார் என்றான். ரிசீவரை ஸ்ரீநாத்திடம் கொடுத்தார்கள். அவன் "பார்க்கலாம்" என்றான். அவனிடமிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். பிறகு தேவேஷ் மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஆகஸ்ட் கடைசி. அதற்கும் ஸ்ரீநாத் ஒன்றும் சொல்லவில்லை.

சத்தம் வந்தது ஜூன் நடுவில், அந்த ஊர்க் குளிர்காலம் பிறந்து பனி இறங்க ஆரம்பித்த பிறகு.

முதலில் பிஜேந்திராவிடம் போனான். தவுவா மார்க்கெட்டுக்குப் பின்னால் கராஜ். பள்ளி விட்டதும் மத்தியான வெயிலில் போய் நிறுத்தினான். பிஜேந்திரா வண்டியை எடுத்து மார்க்கெட்டைச் சுற்றினான். பாலத்தடியில் முழு ஒடிப்பு ஒடித்து எட்டுப் போட்டான். சத்தமே இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான். ஸ்பிரிங்கில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஸ்ரீநாத்தை உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கை மெதுவாகத் திருப்பச் சொன்னான். அடியில் கோளாறு இருந்தால் கையில் துள்ளும் என்றான். துள்ளவில்லை. ஸ்டீரிங் ஆயில் டப்பாவின் பக்கத்தைத் துடைத்து மட்டத்தைப் பார்த்தான். கோடு வரை இருந்தது. உன் கார் உன் மாணவன் மாதிரி மாஸ்டர், ஹெட்மாஸ்டரைக் கண்டால் ஒழுங்காகிவிடுகிறது என்று தன் இந்தியில் சிரித்தான்.

பெல்ட் தளர்ந்திருக்கும் என்று இறுக்கிவிட்டான். மறுநாள் காலையில் கேட்டடியிலேயே உறுமல்.

அடுத்த முறை பந்து மூட்டுகளுக்கு கிரீஸ் ஏற்றினான். மறுநாள் காலை உறுமல். அடுத்த வாரம் பெல்ட்டையே மாற்றினான். புதிது கப்பலில் வரவில்லை என்று வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது. உறுமல். காலையில் வந்து கேள் என்று ஸ்ரீநாத் கேட்டுப் பார்த்தான். ஊரடங்கு முடிந்து மறியல் தாண்டி மேலே வருவதற்குள் ஒன்பது மணி வெயில் வந்துவிடும், அப்போது உன் வண்டி வாயைத் திறக்காது என்றான் பிஜேந்திரா. ராத்திரி இங்கேயே விட்டுப் போகட்டுமா என்றான் ஸ்ரீநாத். போன மாதம் கராஜ் வாசலில் நின்ற இரண்டு வண்டிகளை யாரோ ஓட்டிக்கொண்டு போன கதையைச் சொல்லி பிஜேந்திரா கையை விரித்தான். ஆக, சத்தமும் மெக்கானிக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

தானே பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய் ஸ்டீரிங்கைத் திருப்பினான். உறுமியது. இறங்கி முன்னால் ஓடிவந்து காதை வைத்தான். நின்றுவிட்டிருந்தது. மறுபடி ஏறித் திருப்பினான். மறுபடி ஓடினான். திருப்புகிறவன் ஒருத்தன், கேட்கிறவன் ஒருத்தன் என்று இரண்டு ஆள் வேண்டிய வேலை. ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடைசியில் கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போனான். வராண்டாவில் குடிக்க நங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்த அருணாச்சலம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவன் கூப்பிடவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

"டிப்ரன்ஷியல் போயிடுச்சு மாப்ளே" என்றார் உட்கார்ந்தபடியே. "ஸ்டோர்ல எவ்ளோ டிப்ரன்ஷியல் எடுத்துக் குடுத்துகிறேன். சத்தத்தைக் கேட்டாலே தெரியும்."

"அது பின்னாடி இருக்கு மாமா. சத்தம் முன்னாடி."

"பின்னாடி கீறதுதான் முன்னாடி கேக்கும்."

மாமியார் மோகினி அவளளவில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். திரும்பும்போது கத்துகிற வண்டி ஒருநாள் திரும்பாமல் போகும். அந்தச் சாலையில் ஒரு பக்கம் பள்ளம். "நாளையிலேர்ந்து புள்ளைய நான் பஸ்ல கூட்டினு போறேன்" என்றாள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. ஸ்ரீநாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். கிளம்ப இன்னும் மிச்சமிருப்பது ஒரு மாதம்கூட இல்லை, அந்தக் காலை நேரத்தையாவது எடுக்காதீர்கள் என்று சொல்ல நினைத்தான். கத்தரிக்காய்ச் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டான்.

மறுநாள் பாட்டியும் பேத்தியும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். அவன் காலி காரில் அவர்களைத் தாண்டிப் போனான். முனையில் கார் கத்தியது. கண்ணாடியில் நந்திதா காதைப் பொத்திக்கொள்வது தெரிந்தது. மறியல் நடந்த வளைவில் அவன் பழைய மாணவன் ஒருவன் நின்றிருந்தான், மலைபோல வளர்ந்து, கையில் கட்டையோடு. "புலா மாஸ்டர்" என்று ஃபிஜி மொழியில் வணக்கம் சொல்லி வழிவிட்டவன், கார் வளைந்ததும் உள்ளே குனிந்து பார்த்து, தள்ளிவிடட்டுமா என்று அக்கறையாகக் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஸ்ரீநாத்துக்குக் காது சிவந்துவிட்டது. அன்று முழுக்க வகுப்பில் யாரையாவது அதட்டிக்கொண்டே இருந்தான்.

கடைசி முறை பிஜேந்திராவிடம் போனபோது கராஜ் பாதி காலியாக இருந்தது. ஸ்பானர்களை விலை பேசிக்கொண்டிருந்தான். பிரிஸ்பேனில் மச்சான் இருக்கிறானாம். அங்கே மெக்கானிக்குக்குப் பரீட்சை எழுத வேண்டுமாம், நீ சொல்லித் தருகிறாயா என்று கேட்டான். கடையில் மிச்சமிருந்த சிவப்பு ஸ்டீரிங் ஆயில் டின்களை டிக்கியில் வைத்து, கப்பலில் கொண்டுபோக முடியாது, நீயே வைத்துக்கொள் என்றான். சத்தத்துக்கு என்ன காரணம் என்று கேட்டதற்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: வண்டியில் ஒன்றுமில்லை மாஸ்டர். குளிரில் வருகிறது, சூட்டில் போகிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

குளிரில் வருகிறது, சூட்டில் போகிறது. வேதியியல் வாத்தியாருக்கு அதை மெக்கானிக் சொல்ல வேண்டியிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் வராண்டாவுக்கு வந்தான். மலைப்பக்கம் புகைபோலப் பனி. தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினைத் தொடாமல் பானெட்டைத் திறந்து, ஸ்டீரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினான். இத்தனை வாரமும் வெளியிலிருந்து மட்டம் பார்த்தார்களே தவிர யாரும் மூடியைத் திறக்கவில்லை. உள்ளே சிவப்பாக, தண்ணீராக இருக்க வேண்டிய இடத்தில் நெய் மாதிரி உறைந்து கிடந்தது. அழுக்கு ரோஜா நிறம். விரலை விட்டு எடுத்தான். வழவழவென்று ஒட்டியது, விரல் சூட்டில் உருகி மணிக்கட்டுக்கு வழிந்தது. மூக்கருகே கொண்டுபோனான்.

தேங்காயெண்ணெய்.

குளிரில் உறைந்ததை பம்ப் இழுக்க முடியாமல் இழுத்திருக்கிறது. பாதி தூரம் போனதும் இன்ஜின் சூட்டில் உருகி ஒழுங்காகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவன் உருகின எண்ணெயோடுதான் கராஜுக்குப் போயிருக்கிறான்.

அருணாச்சலம் பல் குச்சியோடு படியிறங்கி வந்தார்.

"மாமா, இதுல யாரு தேங்காயெண்ணெய் ஊத்தினது?"

"நாந்தான்" என்றார் அவர், தண்ணீர் கேட்டவனுக்குச் சொம்பை நீட்டுகிற மாதிரி. "ஏன்?"

மே கடைசியில் நீ பள்ளிவிட்டு வரும்போது கொய்யென்று ஒரு சத்தம் வந்தது, ஆயில் இறங்கியிருந்தது, ரோடு அடைத்துக் கிடந்தது, கடை ஒன்றும் திறக்கவில்லை என்று விளக்கினார். வீட்டில் எண்ணெய் இருந்தது, ஊற்றினேன், சத்தம் நின்றது. நின்றதா இல்லையா? அதற்கப்புறமும் இறங்க இறங்க ஊற்றினேன். அப்போதெல்லாம் வெயில் காலம் மாதிரி இருந்தது, தண்ணியாட்டம் ஓடிற்று. எண்ணெய் எண்ணெய்தானே.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே." குரல் அவனுக்கே அந்நியமாக உயர்ந்தது. "நாலு தடவை கராஜுக்குப் போயிருக்கேன். நீங்க இங்கே உக்காந்து டிப்ரன்ஷியல்னு சொல்லிட்டிருக்கீங்க. குழந்தையை வண்டியை விட்டே இறக்கியாச்சு. ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

அருணாச்சலம் குச்சியைத் துப்பினார்.

"உன்னை இன்னாத்தைக் கேக்கறது? எதைக் கேட்டா நீ வாயைத் தொறக்கிறே? பொண்ணு செத்தப்போ சாம்பலை எங்கே கரைக்கிறதுன்னு கேட்டேன். பேசலே. நானே ரிவர்ல கரைச்சேன். நந்துவ கூட்டினு போறோம்னு கேட்டோம். பார்க்கலாம்னே. அப்பாலே ஒண்ணியும் இல்லே. நாங்களே டிக்கெட் எடுத்தோம். புள்ளையவே நீ பேசாம குடுத்துட்டே. ஒரு டம்ளர் எண்ணெய்க்கா பேசப் போறே?"

ஸ்ரீநாத் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கொடுத்துவிட்டேனா? அப்படித்தான் இவர்களுக்குப் பட்டிருக்கிறது. கொடுத்ததாக அவன் நினைத்திருக்கவே இல்லை. வேறு யாரோ யாரிடமிருந்தோ எதையோ எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகத்தான் இருந்தது.

"இதை முழுசா வடிக்கணும்" என்றான் கடைசியில். "நீங்க உள்ளே உக்காந்து திருப்புங்க. நான் ஊத்தறேன்."

கேட்டதே பெரிய விஷயம் என்பதுபோல அருணாச்சலம் ஒரு கணம் பார்த்தார். பிறகு லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்.

எண்ணெய் உருக வெயில் ஏறும்வரை காத்திருந்து வேலையைத் தொடங்கினார்கள். திரும்பி வரும் குழாயைக் கழற்றி பழைய பால்பவுடர் டின்னில் விட்டான். மாமனார் ஏறிக் குந்தி இன்ஜினைப் போட்டார். கலங்கிய எண்ணெய் திக்கித் திக்கி டின்னில் விழுந்தது. மேலே டப்பா வற்றாமல் சிவப்பு ஆயிலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வற்றினால் காற்று போய்விடும்.

"லெஃப்ட். மெதுவா. கடைசி வரைக்கும் போகாதீங்க. இப்போ ரைட்."

"டீக் ஹை."

"லெஃப்ட்."

சமையலறை ஜன்னலில் மோகினி நந்திதாவுக்குத் தலை சீவிக்கொண்டிருப்பது தெரிந்தது. மஞ்சளும் உப்பும் சேர்ந்து மரவள்ளி வேகும் மணம் வந்தது. டின்னில் விழும் எண்ணெய் மெல்ல மெல்ல சிவந்தது.

"ரைட்" என்றான். பிறகு அதே குரலில் சொன்னான்: "நந்திதா போகல மாமா."

சக்கரம் வலது பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றது. பம்ப் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"முட்டிப் பிடிக்காதீங்க. விடுங்க, பம்ப் போயிடும்."

அருணாச்சலம் கையை எடுத்தார். கீச்சு நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இப்போ சொல்றே."

"இப்போதான் சொல்றேன்."

"இந்த வூட்டைச் சுரங்கத்துக்காரன் திருப்பிக் கேப்பான். எங்கே இருப்பே?"

"தவுவாவுல ஸ்கூல் குவார்ட்டர்ஸ் கேக்கறேன்."

"நீ கிளாஸ்ல கீறப்போ யார் பாக்கறது?"

"தெரியல."

"காய்ச்சல் வந்தா?"

"தெரியல மாமா."

"தெரியலே, தெரியலே. காலேஜ் படிச்சவன் பேசற பேச்சா இது? உன் மாமியார்கிட்ட யார் சொல்றது? நான் சொல்ல மாட்டேன். ரெண்டு மாசமா புள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னிகினு கீறா."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்ஜின் நின்ற முற்றத்தில் எல்லாம் கேட்டிருந்தது. மோகினி பின்வாசல் வழியாக வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் நந்திதா, ஒரு பக்கம் பின்னியும் ஒரு பக்கம் அவிழ்ந்தும்.

மோகினி கத்தவில்லை. அழவும் இல்லை. என் மகளையும் இங்கே விட்டுவிட்டுப் போகிறேன், இவளையும் விட்டுவிட்டா போவேன் என்று கேட்டாள். வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள்.

"எங்ககிட்ட சொன்னா ஆச்சா? அவகிட்ட சொல்லு" என்றாள். "அவளுக்குப் புரியற மாதிரி சொல்லு. நாங்க சொல்லித் தர மாட்டோம்."

ஸ்ரீநாத் டின்னைக் கீழே வைத்துவிட்டு மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வகுப்பில் திட்டுவதற்கும் மார்க்கெட்டில் வாங்குவதற்கும் தேவையான இந்தி அவனிடம் இருந்தது. இதற்கானது இல்லை. தேடித் தேடி எடுத்தான்.

"தும் ஹியாங் ரஹேகா" என்றான். "ஹமார் சங்கே." நீ இங்கே இருப்பாய். என்னோடு.

நந்திதா அவன் வாயையே பார்த்தாள். அப்பா தன் மொழியைப் பேசுவது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், கொஞ்சம் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து பாட்டியைப் பார்த்தாள்.

"அவுர் நானி?" பாட்டி?

அவன் நினைத்திருந்தால் தமிழில் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவளுக்குப் புரிந்திருக்காது.

"நானி ஜாயேகா." பாட்டி போய்விடுவாள்.

புரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே கோணியது. வீறிட்டு அழுதாள். அவன் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். நந்திதா அழுதால் மோகினியின் கைகள் கேட்காமலே நீளும். இத்தனை மாதமாக அந்த வீட்டில் அதுதான் வழக்கம். குழந்தையும் திரும்பி அந்தப் பக்கம் கையை நீட்டியது.

மோகினி சீப்போடு கைகளை மார்பில் கட்டிக்கொண்டாள். விரல்கள் முழங்கையை அழுத்தி வெளுத்தன.

"தூக்கு" என்றாள் ஸ்ரீநாத்திடம். "நான் தூக்க மாட்டேன்."

அவன் கை முழுக்க ஆயில். துடைக்கத் துணி தேடித் திரும்பினான்.

"துவைச்சா போவும். தூக்கு மாப்ளே" என்றார் அருணாச்சலம் காருக்குள்ளிருந்து.

தூக்கினான். அவள் வெள்ளைச் சட்டையின் முதுகில் அவன் உள்ளங்கை சிவப்பாகப் பதிந்தது. அவள் உதைத்தாள், உடம்பை வில்லாக வளைத்தாள், நானி நானி என்று முற்றம் அதிரக் கத்தினாள். இருந்த இந்தியைச் சொன்னான். அது தீர்ந்ததும் தமிழில் சொன்னான். கேட் வரைக்கும் நடந்து, திரும்பி, பப்பாளி வரைக்கும் வந்து, மறுபடி கேட்டுக்கு நடந்தான். அவள் அழுகையை நிறுத்தவில்லை. அவன் இறக்கிவிடவில்லை.